பிரஷ்காரர் பதில்கள்: கொட்டகைச் சுவரில் புகையிலை

சென்ற இதழில் ஒரு வாசகர், "உலகத்திலேயே அதிகச் சுவர் எழுதிய ஆள் யார்?" என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்தவரை அமெரிக்காவின் ஹார்லி வாரிக்தான், மாட்டுக் கொட்டகைகளில் புகையிலை விளம்பரம் எழுதியே ஆயுளைக் கழித்தவர் என்று இரண்டு வரி பதில் போட்டேன். அதைத் தொட்டு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுக்க. பிளெக்ஸ் போர்டு பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் ஒஹாயோவில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது வயலுக்கு நடுவே ஒரு பெரிய மரக் கொட்டகை பார்த்தோம். சுவர் முழுக்கக் கறுப்பு, அதில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பெரிய பெரிய எழுத்து. 'மெயில் பவுச்' என்பது மட்டும்தான் படிக்க முடிந்தது. தபால் சம்பந்தப்பட்டதா?
– பி. வி., கரூர்

தபாலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை அம்மா. அது மெல்லும் புகையிலை. முழு வாசகம் 'சியூ மெயில் பவுச் டொபாக்கோ; ட்ரீட் யுவர்செல்ஃப் டு தி பெஸ்ட்'. மெயில் பவுச் புகையிலை போடுங்கள், உயர்ந்த சரக்கையே அனுபவியுங்கள் என்கிறார்கள்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒஹாயோ ஆற்றங்கரையில் வீலிங் என்று ஓர் ஊர். சாமுவேல், ஆரன் என்ற பிளாக் சகோதரர்கள் அங்கே 1879-ல் தொழில் தொடங்கினார்கள். சுருட்டுச் சுற்றும்போது விழுகிற துண்டு துணுக்குகளைக் குப்பையில் கொட்டாமல், இனிப்பும் வாசனையும் சேர்த்துப் பதப்படுத்திப் பையில் போட்டு விற்றார்கள். அதுதான் மெயில் பவுச். 1890-களின் தொடக்கத்தில் கொட்டகைச் சுவர்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். விட்டது 1992-ல். ஒரு நூற்றாண்டுக்கு ஒரே விளம்பரம், ஒரே வாசகம்!

கொட்டகையை ஏன் பிடித்தார்கள் என்பதற்கு, அந்த ஊர்க் கொட்டகையைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். கீழே மாடு, மேலே வருஷத்துக்கான வைக்கோல். அதனால் இரண்டு மூன்று மாடி உயரம். ஜன்னல் அதிகம் இருக்காது. பல கொட்டகைகள் வண்டி வந்து போக வசதியாகச் சாலையை ஒட்டியே இருக்கும். ஒரு போர்டு எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1960-களின் தொடக்கத்தில் 22 மாநிலங்களில் ஏறக்குறைய 20,000 கொட்டகைகளில் மெயில் பவுச் இருந்தது.

விவசாயிக்கு என்ன கிடைத்தது? ஏமாற்றிவிட்டார்களா?
– ஆர். எம்., உடுமலைப்பேட்டை

ஆரம்ப காலத்தில் வருஷத்துக்கு 1 டாலர், 2 டாலர். காசாகப் பார்த்தால் சொற்பம்தான். ஆனால் அவருக்குக் காசு முக்கியமில்லை, பெயின்ட்தான் முக்கியம். அத்தனை உயரச் சுவருக்குத் தன் கைக்காசைப் போட்டுப் பெயின்ட் அடிக்க எந்த விவசாயியால் முடியும்? அடிக்காமல் விட்டால் மழையும் பனியும் பலகையைத் தின்றுவிடும். கம்பெனிக்காரன் வந்து இலவசமாக அடித்துக் கொடுத்துவிட்டு, நிறம் மங்கியதும் திரும்ப வந்து அடித்தால் கசக்குமா? ஏமாந்தவர் யாரும் இல்லை. இரண்டு தரப்புக்கும் கட்டுப்படியான வியாபாரம்.

அவ்வளவு உயரத்தில் எழுத்து கோணாமல் எப்படி எழுதினார்கள்? தகட்டில் வெட்டிய அச்சு வைத்தா? அந்த வாரிக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்களேன்.
– கே. எஸ்., சிவகாசி

இதற்குத்தான் காத்திருந்தேன்.

ஹார்லி வாரிக் 1924-ல் பிறந்தவர், ஒஹாயோவின் பெல்மான்ட் மாவட்டத்துக்காரர். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். வந்த சமயம் பார்த்து, குடும்பக் கொட்டகையில் மெயில் பவுச் ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆள் தேவை, வருகிறாயா என்றார்கள். காலையும் மாலையும் ஜெர்சி மாடுகளுக்குக் கீழே உட்கார்ந்து கறப்பதற்கு இது தேவலை என்று கிளம்பிவிட்டார். இது நடந்தது 1946-ல். 1992-ல் அவர் ஓய்வு பெற்றதும் கம்பெனி கொட்டகை எழுதுவதையே நிறுத்திவிட்டது.

அவர் கணக்கில் எழுதியதும் திரும்ப எழுதியதுமாகச் சுமார் 20,000 கொட்டகை என்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 400-க்கு மேல் வரும். அங்கே பனிக்காலத்தில் வெளிச்சுவரில் பிரஷ் வைக்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கொட்டகைக்குச் சராசரியாக ஆறு மணி நேரம்.

அச்சும் கிடையாது, தகடும் கிடையாது. வெறும் கை. கூரை விளிம்பில் கொக்கி மாட்டி, கயிறும் கப்பியும் போட்டு ஒரு பலகையைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்தும் நின்றும் எழுதுவார்கள். நம்மூரில் தொங்கு சாரம் என்போமே, அதே சங்கதி. இதில் உள்ள கஷ்டம் தரையில் நிற்பவர்களுக்குத் தெரியாது. சுவர் மூக்குக்கு முன்னால் இருக்கும். ஓர் எழுத்தின் தலை உங்கள் தலைக்கு மேலே, கால் உங்கள் முட்டிக்குக் கீழே. முழு எழுத்து ஒருதரம்கூடக் கண்ணில் படாது. கீழே இறங்கி, சாலைக்கு ஓடிப் பார்த்து, திரும்ப ஏறினால் பொழுது போய்விடும். உடம்புக்கு அளவு தெரிந்திருந்தால்தான் வேலை நடக்கும்.

வாரிக் எழுத ஆரம்பிப்பது 'சியூ' (CHEW) என்ற சொல்லின் நடுவில் வரும் 'ஈ' (E) எழுத்திலிருந்து. முதலெழுத்து 'சி'யை விட்டுவிட்டு ஏன் அதில் கை வைத்தார்? போர்டு எழுதிப் பிழைத்தவன் என்ற முறையில் என் ஊகத்தைச் சொல்கிறேன். 'ஈ'யில் வளைவே இல்லை. மேலே, நடுவே, கீழே என்று மூன்று படுக்கைக் கோடு, ஒரு நிமிர்ந்த கோடு. அந்த ஓர் எழுத்தை வைத்துவிட்டால் வரியின் தலைக்கட்டு, இடுப்பு, கால்கட்டு மூன்றும் சுவரில் நின்றுவிடும். அளவு எடுக்க அப்புறம் நூல் அடிக்கக்கூட வேண்டாம், கண் அந்த மூன்று கோட்டிலிருந்து ஓடிக்கொள்ளும். 'சி'யில் ஆரம்பித்தால் வளைவு எங்கே வயிறு தள்ளும் என்று யாருக்குத் தெரியும்? சரி, இது என் ஊகம்தான். அவருக்குக் கைப்பழக்கமாகவும் இருந்திருக்கலாம்.

மெயில் பவுச் மட்டும்தானா?
– என். டி., நாகர்கோவில்

இல்லை. பசிபிக் கரைப் பக்கம் போனால் டாக்டர் பியர்ஸ் என்பவரின் மருந்து விளம்பரம். மிசௌரியில் மெராமெக் குகைகளைப் பார்க்க வா என்று கூப்பிடும் கொட்டகைகள். தெற்கே 'சீ ராக் சிட்டி'.

ராக் சிட்டி தனிக் கதை. ஜார்ஜியாவில் லுக்அவுட் மலை உச்சியில், பாறைகளுக்கு நடுவே கார்னெட் கார்ட்டரும் அவர் மனைவி ஃப்ரீடாவும் அமைத்த தோட்டம் அது. 1932-ல் திறந்தார்கள். நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். மலை உச்சிக்கு யார் டிக்கெட் வாங்கி வருவார்கள்? அதனால் கிளார்க் பையர்ஸ் என்ற இளைஞரை அனுப்பி, தெற்கே வருகிற சாலைகளில் எல்லாம் எழுத வைத்தார்கள். 1930-களின் நடுவில் தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் 19 மாநிலங்களில் சுமார் 900 கொட்டகை. மெயில் பவுச்சோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் பல இடங்களில் கூரைமேலேயே எழுதினார். சரிவான கூரையில், மலைப்பாதையில் வருகிறவனுக்கு மேலிருந்து தெரியும்படி! விவசாயிக்குக் கூலியாக இலவச டிக்கெட், ராக் சிட்டி பெயர் போட்ட வெப்பமானி, சில சமயம் கொஞ்சம் டாலர்.

விளக்குக் கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பையர்ஸே கறுப்பு தயாரித்துக்கொள்வார். முட்ட வந்த மாடு, இடி மின்னல் எல்லாவற்றுக்கும் தப்பித்தவர், 1960-களின் கடைசியில் வேலையின்போது மின்கம்பி பட்டுச் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். அதோடு பிரஷ்ஷை வைத்துவிட்டார். 2004-ல்தான் காலமானார்.

நெடுஞ்சாலை ஓரம் விளம்பரப் பலகைக்கு அமெரிக்காவில் கடுமையான சட்டம் உண்டு என்று படித்தேன். இவை மட்டும் எப்படித் தப்பின?
– வழக்கறிஞர் ஒருவர், திருச்சி

1965 அக்டோபரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்துப் போட்ட நெடுஞ்சாலை அழகுச் சட்டம் அது. பின்னால் நின்று தள்ளியவர் அவர் மனைவி லேடி பேர்ட். முக்கிய நெடுஞ்சாலைகளில் இருந்து 660 அடிக்குள் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. கொட்டகை எழுத்துகளுக்கும் ஆபத்து. பல சுவர்களில் வெள்ளையடித்து மூடினார்கள். மக்கள் முணுமுணுத்தார்கள். 1970-களில் சட்டத்தைத் திருத்தி, 1965-க்கு முன்பே இருந்த, வரலாற்று மதிப்போ கலை மதிப்போ உள்ள எழுத்துகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 'பண்ணைக் கட்டடங்களில் உள்ளவை உட்பட' என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மாநில அரசு அதை அடையாளச் சின்னம் என்று ஏற்க வேண்டும்.

ஆக, தப்பித்தவை பழையவை. இது அடுத்த கேள்விக்குத் தேவைப்படும்.

பென்சில்வேனியாவில் கொஞ்சம் நிலத்தோடு பழைய வீடு வாங்கினோம். கூடவே ஒரு கொட்டகை. சாலைப் பக்கச் சுவரில் மெயில் பவுச் எழுத்து மங்கலாகத் தெரிகிறது. பளிச்சென்று திரும்ப எழுதலாம் என்று எனக்கு ஆசை. தொடாதே, போன மதிப்பு வராது என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? எழுதுவதென்றால் எப்படி?
– ஜே. எல்., பென்சில்வேனியா

முதலில் அந்தச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள் அம்மா. என் மகள் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறாள். அங்கிருந்து வீலிங் பக்கத்தில்தான். அந்தப் பக்கம் ஒரு கொட்டகைக்காரப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, சுவரில் மூக்கை ஒட்டிப் பார்த்திருக்கிறேன். கறுப்பு பெரும்பாலும் போய், பலகை சாம்பல் நிறத்தில், வரிவரியாகப் பள்ளம் விழுந்து கிடந்தது. வெள்ளை எழுத்து இருந்த இடம் மட்டும் தேயாமல், விரல் வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு மேடாக நின்றது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அது 'எம்' என்று சொல்லிவிடலாம். அதன் காலில் ஒரு பிரஷ் முடி ஒட்டியபடி காய்ந்து போயிருந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் சந்துக்குள்ளும் பெயின்ட் இறங்கியிருந்தது. பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி வேலை செய்திருக்கிறார் மனிதர். அறுத்தபடியே விட்ட சொரசொரப்பான பலகையில் அப்படித்தான் செய்ய முடியும்.

எழுத்து மட்டும் தேயாமல் நின்றதற்குக் காரணம் வெள்ளை ஈயம். அந்தக் காலத்து வெள்ளைப் பெயின்டில் அதுதான் சரக்கு. கரிக் கறுப்பு கழுவிக்கொண்டு போன பிறகும் ஈயம் மரத்தைக் காத்துக்கொண்டே இருக்கும்.

நன்மை அதோடு முடிந்தது. அந்த ஈயம் விஷம். அங்கே வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 1978-ல் தடை செய்தார்கள். உங்கள் சுவர் அதற்கு முந்தியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நெருப்புக் காட்டிச் சுரண்டாதீர்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் மிஷின் வைக்கவே வைக்காதீர்கள். விஷமும் சிதறும், எழுத்தும் போகும். ஒரு செதிலை ஆய்வகத்துக்கு அனுப்பி ஈயம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். உதிர்கிறதைச் சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால் நனைத்து, தரையில் பிளாஸ்டிக் விரித்து, அதற்கென்று உள்ள முகமூடி போட்டுச் சுரண்டுங்கள். குழந்தைகளை அண்டவிடாதீர்கள். மாடு வளர்க்கிற எண்ணம் இருந்தால் அந்தச் சுவர்ப் பக்கம் கட்டவே கூடாது. மாடு பழைய பெயின்டை நக்கும். நக்கிச் செத்த மாடுகள் உண்டு.

இப்போது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. வரலாற்றுக்காரர்கள் பொதுவாக உங்கள் கணவர் கட்சி. பாதி மங்கிய எழுத்தையும் ஆவணம் என்பார்கள். நான் முழுசாக அந்தக் கட்சி இல்லை. வாரிக்கின் 20,000-த்தில் திரும்ப எழுதியவையும் சேர்த்தி என்றேனே, அதை யோசித்துப் பாருங்கள். இந்த எழுத்து ஒருதரம் எழுதி அப்படியே காப்பாற்றிய பொருள் கிடையாது. சில வருஷத்துக்கு ஒருமுறை வேறு ஒரு கை வந்து, பழையதன் மேலேயே எழுதிவிட்டுப் போனது. உங்கள் சுவரில் தெரிவதும் பல தடவை எழுதியதன் கடைசித் தடவைதான். திரும்ப எழுதுவதால் தீட்டுப்பட்டுவிடாது. பழசு என்பதற்காகக் கும்பிட்டுக்கொண்டே இருந்தால் பத்து இருபது பனிக்காலத்தில் பலகையே போய்விடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. சாலையிலிருந்து வாசகம் இன்னும் படிக்க வந்தால் அந்தச் சுவரைத் தொடாதீர்கள். கூரை ஒழுகுகிறதா, அடிப்பலகை மக்குகிறதா என்று பாருங்கள், அந்தப் பணத்தை அங்கே போடுங்கள். எழுத ஆசையாக இருந்தால் எதிர்ச் சுவர் இருக்கிறது, அதில் எழுதுங்கள். சாலையிலிருந்து ஒன்றுமே புரியவில்லை, கிட்டப் போனால்தான் தெரிகிறது என்றால் திரும்ப எழுதலாம்.

எழுதுமுன் மாநிலத்தின் வரலாற்றுச் சின்னப் பாதுகாப்பு அலுவலகத்திலும் நெடுஞ்சாலைத் துறையிலும் கேட்டுவிடுங்கள். மேலே வழக்கறிஞருக்குச் சொன்னதைப் பாருங்கள். சலுகை பழைய எழுத்துக்கு, புதிதாக எழுதினால் புது விளம்பரம் என்று யாராவது கணக்கு எழுதிவிடக் கூடாது. பிராண்டு பெயருக்கு உரிமைக்காரர் உண்டு, அவர்களுக்கும் ஒரு கடிதம் போடுவது நல்லது. தேசியப் பூங்காத் துறை கொட்டகைகளுக்கு 20-ஆம் எண், பழைய விளம்பர எழுத்துகளுக்கு 25-ஆம் எண் என்று வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிட்டிருக்கிறது. காசு கிடையாது, வாங்கிப் படியுங்கள்.

அப்புறம் வேலை. மழைத் தூறலில் சுவர் நனைந்திருக்கும்போது ஒரு போட்டோ, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒரு போட்டோ. காய்ந்த நேரத்தில் கண்ணுக்குப் படாத கோடெல்லாம் அப்போது தெரியும். பிறகு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளைச் சுவரில் ஒட்டி, எழுத்தின் ஓரத்தை அப்படியே மார்க்கரால் எடுங்கள். பலகைச் சந்துகளையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப ஒட்டும்போது அதுதான் உங்களுக்கு அளவுகோல். கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்துருவைப் பெரிதாக்கி ஒட்டினால் அது மெயில் பவுச் ஆகாது. எழுதியவரின் 'ஓ' கொஞ்சம் கோணல் என்றால் கோணலாகவே எழுதுங்கள்.

மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வெறும் பலகை தெரிகிற இடத்துக்கு ஆயில் பிரைமர், அதற்கு மேல் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் கறுப்பு இரண்டு கோட், பிறகு எழுத்து. மேலிருந்து கீழே வாருங்கள். நேர் வெயிலில் எழுதாதீர்கள்; மேற்குச் சுவரைக் காலையில், கிழக்குச் சுவரைச் சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறைப்படி ஆளிவிதை எண்ணெயில் குழைக்கலாம் என்று ஆசைப்பட்டால் ஒன்று: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். உள்ளே வைக்கோல் இருக்கிற கட்டடம்! துணியை விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீர் நிரப்பிய மூடிபோட்ட தகர டப்பாவில் போடுங்கள்.

உயரத்துக்கு நீங்கள் ஏற வேண்டாம். தொழில் தெரிந்தவரை ஏற்றுங்கள். கீழே நின்று திட்டுவது உங்கள் வேலை.

புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வந்து என் தந்தையைப் பறிகொடுத்தவன் நான். புகையிலை விளம்பரத்தைக் கலை என்று கொண்டாட உங்களுக்குக் கூசவில்லையா?
– எம். பி., திண்டுக்கல்

உங்கள் கோபம் நியாயமானது. மெல்லும் புகையிலை புற்றுநோய் தரும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தச் சுவரில் இருக்கும் வாசகம் பொய் என்றே சொல்வேன். உயர்ந்த சரக்காம்!

ஆனால் நான் பார்ப்பது கையை. என்ன எழுதச் சொல்கிறார்களோ அதை எழுதுகிறவன் போர்டுக்காரன். சாராயக்கடைக்கும் எழுதுவான், கோயில் கும்பாபிஷேகத்துக்கும் எழுதுவான். இந்தக் கொட்டகைகளைப் பாதுகாக்கிற இடத்தில் பக்கத்திலேயே ஒரு பலகை வைத்து, இந்தச் சரக்கு எத்தனை பேர் வாயைத் தின்றது என்றும் எழுத வேண்டும் என்பது என் கட்சி. அதை யாராவது எழுதக் கூப்பிட்டால் கூலி வாங்காமல் எழுதித் தருவேன்.

இப்போது அங்கே யாராவது கொட்டகை எழுதுகிறார்களா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

எழுதுகிறார்களே! ஒஹாயோ மாநிலத்துக்கு 2003-ல் 200 வயது. அதற்காக 88 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒரு கொட்டகையில் விழாச் சின்னம் எழுதினார்கள். எழுதியவர் ஸ்காட் ஹேகன் என்ற இளைஞர், வாரிக்கின் ஊர்ப்பக்கத்துக்காரர். வாரிக்கிடமே யோசனை கேட்டுக்கொண்டவர். 2001-ல் அதே ஒஹாயோவின் ஆடம்ஸ் மாவட்டத்தில் டோனா சூ குரோவ்ஸ் என்ற பெண்மணி, துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைக்கும் தன் அம்மாவைக் கௌரவிக்க, அந்தப் போர்வைக் கோலத்தைக் கொட்டகையில் எழுத வேண்டும் என்று ஆரம்பித்து வைத்தார். அது மாநிலம் மாநிலமாகப் பரவிவிட்டது. அதில் விற்கிற சரக்கு ஒன்றும் இல்லை.

ஒஹாயோ போகிறோம். ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்க்கலாம்?
– எஸ். ஆர்., கோவை

பெல்மான்ட் ஊருக்குப் பக்கத்தில் பார்க்கேம்ப் மாநிலப் பூங்கா. 70-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே. வாரிக்கின் எழுத்துள்ள கொட்டகை அங்கே இருக்கிறது. சாலையில் காரை நிறுத்திப் பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்கிற சங்கடம் இல்லை. காலையில் போங்கள்.